இராமநாதபுரம் கடற்கரையின் தளவேலை: சுண்ணாம்புச் செக்கிலிருந்து டைல் கட்டர் வரை

தளவேலை என்பது வீட்டின் தரையையும் சுவரின் கீழ்ப்பகுதியையும் மொட்டைமாடியையும் ஓடு, கல், சாந்து ஆகியவற்றால் மூடி முடிக்கும் கட்டடத் தொழில் ஆகும். இன்று இது பெரும்பாலும் டைல்ஸ் பதித்தலையே குறிக்கிறது. தமிழில் 'ஓடு' என்றவுடன் கூரைதான் நினைவுக்கு வரும். 'ஓட்டு வீடு' என்றால் தரையைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. தரையில் பதிப்பதற்கு 'தளவோடு' என்ற சொல் அகராதியில் இருந்தாலும் பேச்சில் 'டைல்ஸ்' என்ற சொல்லே நிலைத்துவிட்டது. ஒன்றே ஒன்று உடைந்தாலும் 'ஒரு டைல்ஸ் உடைந்துவிட்டது' என்றுதான் சொல்கிறோம்.

இராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், இராமேசுவரம் ஆகிய கடற்கரைப் பகுதிகளில் கடந்த சில நூற்றாண்டுகளில் தளம் போடும் பொருள் நான்கு முறையாவது மாறியிருக்கிறது. பொருள் மாறும்போதெல்லாம் கொத்தனாரின் பையில் ஒரு கருவி புதிதாக நுழைந்தது; வேறு ஒன்று வெளியேறியது. சொந்த வீட்டில் தாமே டைல்ஸ் பதிக்க முனைவோர் கேட்கும் முதல் கேள்வி 'என்னென்ன கருவி வேண்டும்' என்பதாகும். அதற்கான விடை இந்த மாற்றங்களின் வரலாற்றில்தான் இருக்கிறது.

கடலிலிருந்து வந்த சுண்ணாம்பு

இராமநாதபுரம் கடற்கரை மணற்பாங்கானது. இராமேசுவரம் தீவில் கருங்கல் கிடையாது. இராமநாதசுவாமி கோயிலின் புகழ்பெற்ற மூன்றாம் பிராகாரத்துக்கு வேண்டிய கற்கள் அனைத்தும் கடலைத் தாண்டி வெளியிலிருந்து வந்தவையே. கோயிலுக்குக் கல் கொண்டுவர மன்னர்களால் முடிந்தது. சாதாரண வீட்டுக்கு அது முடியுமா? அவர்களுக்குக் கையருகே கிடைத்தவை பனைமரம், களிமண், கடல் தந்த சிப்பி, கிளிஞ்சல், பவளப்பாறை ஆகியவையே.

சிப்பியும் கிளிஞ்சலும் பவளப்பாறையும் வேதியியல் நோக்கில் ஒரே பொருள்தான்: கால்சியம் கார்பனேட். காளவாயில் அடுக்கி விறகிட்டு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பைப் பூசியபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உறிஞ்சி மீண்டும் கல்லாகிறது. கடலில் கல்லாக இருந்தது சுவரில் கல்லாகத் திரும்புகிறது எனலாம்.

இந்தச் சாந்தின் தரம் அரைப்பதில் இருந்தது. வட்டமாக வெட்டிய பள்ளத்தில் கல் சக்கரத்தை மாடு கட்டிச் சுற்றவிடும் சுண்ணாம்புச் செக்கு, அக்காலக் கட்டட வேலையின் பெரிய கருவி. மணலும் சுண்ணாம்பும் அதில் நாள்கணக்கில் அரைபட்டன. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்க்கப்பட்டது. செயின்ட் எலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக் என்ற ஆங்கிலேயர், சென்னையில் சிறந்த சாந்து செய்யும் முறையைப் பற்றி எழுதிய குறிப்பு 1732இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளிவந்தது. சிப்பிச் சுண்ணாம்பு, வெல்லம், முட்டையின் வெள்ளைக்கரு முதலியவை அதில் பேசப்படுகின்றன. ஊரில் வாய்மொழியாகச் சொல்லப்படும் பக்குவத்துக்கு அச்சில் கிடைக்கும் பழைய சான்றுகளுள் அது ஒன்று.

சுண்ணாம்புக் கொத்தனாரின் கைக்கருவிகள் எளியவை. சாந்தை அள்ளிப் பூசக் கரணை என்ற கொத்துக் கரண்டி. பூசியதைத் தேய்த்துச் சமப்படுத்த மணியாசுக் கட்டை. நேர் பார்க்க மட்டப்பலகை. செங்குத்துப் பார்க்கத் தூக்குக் குண்டு. மூலை பார்க்க மூலைமட்டம். கோடு போட நூல். மேல்பூச்சுக்கு மென்மையான கூழாங்கல்லும் தேவைப்பட்டது. சுவர் ஈரமாக இருக்கும்போதே கூழாங்கல்லால் விடாமல் தேய்த்தால் அது சலவைக்கல் போல மினுமினுக்கும். செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும் சுவர்கள் இப்படி உருவானவையே.

இராமநாதபுரம் அரண்மனையிலுள்ள இராமலிங்க விலாசம் சுண்ணாம்பு வேலையின் ஆயுளைக் காட்டும் நல்ல சான்று. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த இக்கட்டடத்தின் சுவர்களில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில், அதாவது 18ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில், ஓவியங்கள் தீட்டப்பட்டன. அவை சுண்ணாம்புப் பூச்சின் மீது நிற்பவை. உப்புக் காற்றில் முந்நூறு ஆண்டுகளாக அந்தப் பூச்சு பெரும்பகுதி உதிராமல் இருக்கிறது. ஓவியத்தைப் பார்க்கச் செல்பவர்கள் அதைத் தாங்கும் பூச்சையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

மறுபக்கக் கணக்கும் உண்டு. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயலில் அழிந்த தனுஷ்கோடியில், தேவாலயத்தின் இடிந்த சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அருகில் சென்று பார்த்தால் தேன்கூடு போன்ற துளைகளுடன் பவளக் கற்கள் தெரியும். செங்கல்லுக்குப் பதிலாகப் பவளப்பாறையே அடுக்கப்பட்டிருக்கிறது. இப்பகுதி மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். ஆனைப்பார் என்று தீவுக்கே பெயர் உண்டு. அந்தப் பார்களை உடைத்துத்தான் சுவர்க்கல்லும் சுண்ணாம்பும், பிற்காலத்தில் தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருளும் எடுக்கப்பட்டன. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரண்டு கடலுள் மூழ்கிவிட்டன. அலையைத் தடுத்து நின்ற பவளப்பாறைகள் அளவின்றி வெட்டி எடுக்கப்பட்டதே இதற்கு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது. 1986இல் இத்தீவுகளும் சுற்றியுள்ள கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இன்று பவளக் கல்லை எடுப்பது புலியை வேட்டையாடுவதற்கு நிகரான குற்றம். பழைய முறைச் சுண்ணாம்பு வேலையை மீட்க விரும்புவோர் சிப்பி, கிளிஞ்சல் அல்லது நிலத்தில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லையே நாட வேண்டும்.

தட்டோடும் அடிக்கட்டையும்

இப்பகுதி கண்ட முதல் டைல்ஸ் தரையில் பதிக்கப்பட்டதல்ல; மாடியில் பதிக்கப்பட்டது. கூரையோடு இங்கு மிகப் பழையது. 1910 முதல் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்துக்கு உட்பட்டிருந்து, இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ள கீழடியில், கட்டுவதற்குத் துளையும் மழைநீர் வடிய விரலால் இழுத்த வரிப்பள்ளமும் கொண்ட கூரையோடுகள் அகழாய்வில் கிடைத்துள்ளன. தட்டையாகப் பதிக்கும் ஓடு வேறு வகை. மரச் சட்டங்களின் மீது செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்திட்டு, அதன்மேல் செங்கல் சல்லி கலந்த சுண்ணாம்புக் காங்கிரீட்டைப் பரப்பி, இறுதியில் சுட்ட மண்ணாலான மெல்லிய சதுர ஓடுகளைப் பதிக்கும் முறை 'மெட்ராஸ் டெரஸ்' எனப்பட்டது. அந்தச் சதுர ஓடே தட்டோடு.

இவ்வேலையின் தனிக்கருவி அடிக்கட்டை. கைப்பிடியுள்ள தட்டையான மரக்கட்டையுடன் பெண்கள் வரிசையாக அமர்ந்து, கடுக்காய் நீர் தெளித்தபடி, சல்லிக் காங்கிரீட்டை நாள் முழுதும் அடிப்பார்கள். கட்டை மேலெழும்பித் துள்ளும் வரை அடி நிற்காது. தளம் இறுகியதற்கு அதுவே சோதனை. கட்டட வரலாற்றில் கொத்தனாரின் பெயரே அரிதாகத்தான் கிடைக்கும். தளம் அடித்த பெண்களின் பெயர் எங்கும் இல்லை. ஒழுகாத மொட்டைமாடி அவர்களின் தோள்வலியால் கிடைத்தது.

தட்டோட்டை வெட்டத் தனிக்கருவி தேவைப்படவில்லை. கரணையின் விளிம்பால் தட்டி உடைத்து, கரடுமுரடான கல்லில் உரசினால் போதும். மெருகில்லாத சுட்ட மண் அதற்கு இணங்கியது. மெருகிட்ட ஓடுகள் வந்தபோதுதான் வெட்டுவது ஒரு பிரச்சினையாக மாறியது.

மெருகு இக்கடற்கரைக்குப் புதிதல்ல. இராமநாதபுரத்துக்குத் தெற்கே உள்ள பெரியபட்டினத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓட்டாஞ்சில்லுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ஆனால் அவை உண்ணும் கலங்கள். பீங்கானின் மேல் நடக்கலாம் என்ற எண்ணம் இங்கு வர இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின.

கண்ணாடியில் வார்த்த ஓடு

இணைப்புக்கு அழுத்தப்பட்ட சிமெண்டைப் பயன்படுத்தும் பூ ஓடுகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தெற்கு பிரான்சில் தோன்றின. ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்று ஒரு தலைமுறை கடந்திருந்தது. சூளை வேண்டாம், வண்ணம் தேய்ந்து மறையாது என்பதால் இவ்வகை ஓடு உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1922இல் பம்பாயில் தொடங்கப்பட்ட பாரத் புளோரிங்ஸ் நிறுவனம் இத்தகைய ஓட்டைச் சுதேசிப் பொருளாக முன்வைத்தது.

சிமெண்டும் அப்போது நம் நாட்டுக்குப் புதியதே. 1904இல் சென்னையில் சவுத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ் என்ற நிறுவனம் கடற்சிப்பியை மூலப்பொருளாகக் கொண்டு சிமெண்ட் செய்ய முயன்று தோல்வியுற்றது. நம் கொத்தனார்களின் பழைய சுண்ணாம்பு வழியையே புதிய தொழிலும் முதலில் நாடியது என்பது கவனிக்கத்தக்கது. 1960களின் தொடக்கத்தில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துக்குள்ளேயே, இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் இராமசாமி ராஜா நகரில், மெட்ராஸ் சிமெண்ட்ஸ் ஆலை இயங்கத் தொடங்கியது.

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் பூ ஓடு தனிக் கைத்தொழிலாக வேரூன்றியது. நகரத்தார் வீடுகளுக்கு இத்தாலியச் சலவைக்கல்லும் ஆங்கில, ஜப்பானிய ஓடுகளும் கப்பலில் வந்திறங்கிய காலத்தில், அவற்றின் அழகை உள்ளூர் மணலில் கொண்டுவர முடியும் என்று அந்த ஊர்க் கைவினைஞர்கள் காட்டினார்கள். முறை இதுதான்: தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் உலோகச் சட்டத்தை வைப்பார்கள். சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு இருக்கும். ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை மெல்லத் தூக்கியபின் உலர்ந்த சிமெண்டு மணல் கலவையைத் தூவி, அதன் மேல் ஈரச் சாந்தை நிரப்பிக் கரணையால் சமப்படுத்துவார்கள். பின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவைத்து உலர்த்துவார்கள். கண்ணாடி தானாகக் கழன்றுவிடும். அதைத் தொட்டிருந்த முகம் கண்ணாடியைப் போலவே வழவழப்பாக இருக்கும். இயந்திரமும் இல்லை, சூளையும் இல்லை. கண்ணாடியே இங்கு மெருகிடும் கருவி.

ஆத்தங்குடி ஓட்டைப் பதிப்பதிலும் தனி ஒழுங்கு உண்டு. ஓடுகளுக்கிடையே இடைவெளி விடுவதில்லை, நெருக்கியே பதிப்பார்கள். கையால் செய்தது என்பதால் கனம் முக்கால் அங்குலத்துக்கு முன்பின்னாக ஒவ்வொன்றும் சற்று மாறும். அதைச் சாந்தின் கனத்தால் ஈடுசெய்ய வேண்டும். எனவே கெட்டியான சாந்துப் படுகையும், மரக்கட்டையால் தட்டிச் சமன் செய்யும் கைப்பக்குவமும் இதற்குத் தேவை. பதித்த பின் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்தே பளபளப்பு ஏற்றுவார்கள். இன்று கடைகளில் கிடைக்கும் பசையில் மெல்லிய படுகையிட்டு ஆத்தங்குடி ஓட்டை ஒட்ட முயல்பவர்கள் ஏற்றத்தாழ்வான தரையையே பெறுவார்கள். தாமே செய்ய விரும்பும் புதியவர்கள் இவ்வோட்டில் கைவைக்காமல், அனுபவமுள்ள கொத்தனாரை அழைப்பதே நல்லது.

பாலம் திறந்த பின்

இராமேசுவரம் தீவுக்கு 1914இல் ரயில் பாலம் வந்தது. சாலைப் பாலம் வர 1988 ஆகியது. அதுவரை தீவில் வீடு கட்டிய ஒருவர் சிமெண்டையும் கம்பியையும் ரயிலிலோ படகிலோதான் கொண்டுவர வேண்டும். எளிதில் உடையும் பொருளை இருமுறை ஏற்றி இறக்குவது வீண் செலவு. லாரி நேராக வாசலுக்கு வரத் தொடங்கிய பின்னரே தீவின் சாதாரண வீடுகளிலும் யாத்திரிகர் விடுதிகளிலும் டைல்ஸ் பெருகியது. கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்களின் வருவாய் இதற்கு முன்பே வீடுகளின் தோற்றத்தை மாற்றத் தொடங்கியிருந்தது. இந்தியாவின் பெரும்பகுதி டைல்ஸ் குஜராத்தின் மோர்பியில் தயாராகிறது. இன்று மண்டபத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருப்பதும் அங்கிருந்து வந்ததாகவே இருக்கக்கூடும்.

இக்காலத்து ஓடுகள் இருவகை. சுவருக்கான செராமிக் ஓடு, தன் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் தண்ணீரை உறிஞ்சும். தரைக்கான விட்ரிஃபைட் ஓடு 0.5 சதவீதம்கூட உறிஞ்சாது. கருவி மாற்றத்துக்கு இந்த ஒரு வேறுபாடே காரணமாயிற்று. உறிஞ்சும் ஓட்டை நீரில் ஊறவைத்துச் சிமெண்டுக் குழம்பு தடவி ஒட்டினால் குழம்பு துளைகளுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். உறிஞ்சாத ஓட்டில் குழம்பு புகுவதற்கு இடமே இல்லை. காய்ந்தபின் தட்டிப் பார்த்தால் 'டொக் டொக்' என்று வெற்றொலி எழும். எனவே பாலிமர் கலந்த ஒட்டுப்பசை தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1950களில் உருவான மெல்லிய படுகை முறை இங்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். பசையைச் சீரான கனத்தில் பரப்ப வேண்டியிருந்ததால் பல் வைத்த கரண்டி கொத்தனாரின் பைக்குள் நுழைந்தது.

வெட்டும் கருவியின் கதையும் இதே காலத்தது. கடினமான சிறு சக்கரத்தால் மெருகில் ஒரு கீறல் போட்டு, கைப்பிடியை அழுத்தி ஓட்டை இரண்டாகப் பிளக்கும் கைக்கட்டர் 1951இல் ஸ்பெயினின் ரூபி என்ற ஊரில் போடா சகோதரர்களால் உருவாக்கப்பட்டது. அந்த ஊர்ப் பெயரே அந்நிறுவனத்தின் பெயராகவும் நிலைத்தது. வளைவும் துளையும் வெட்ட உதவும் ஆங்கிள் கிரைண்டர் 1950களில் ஜெர்மனியில் பிறந்தது. நம் ஊரில் அதற்கு 'கட்டிங் மிஷின்' என்பதே பெயர்.

இன்று ஒரு குளியலறைக்கு வேண்டிய கருவிகள்

முழு வீட்டுக்கும் தளம் போடுவது தனி ஒருவரின் வேலையல்ல. ஒரு குளியலறை, சமையல் மேடைக்குப் பின்புறச் சுவர், வாசல் திண்ணை போன்ற சிறு வேலைகளுக்குக் கொத்தனார் கிடைப்பதில்லை என்பதே பலரைத் தாமே செய்யத் தூண்டுகிறது. அத்தகையோருக்கு வேண்டியவற்றில் பாதி, மேலே சொன்ன சுண்ணாம்புக் கொத்தனாரின் பையில் இருந்தவையே.

முதலில் அளவும் மட்டமும். அளவுநாடா, நூல், சுண்ணக்கட்டி, மூலைமட்டம், இரண்டடி நீள ரசமட்டம் ஆகியவை போதும். ரசமட்டம் என்ற பெயரில் 'ரசம்' இருந்தாலும் அதன் குழலில் பாதரசம் இல்லை. உள்ளே இருப்பது சாராய வகைத் திரவமும் ஒரு காற்றுக்குமிழியும். 1661 அளவில் பிரெஞ்சுக்காரரான மெல்கிசெடெக் தெவெனோ வடிவமைத்த இக்கருவியின் உள்ளமைப்பு இன்றுவரை பெரிதும் மாறவில்லை. கடையில் வாங்கும்போதே அதைச் சமமான மேசையில் வைத்துக் குமிழியைப் பாருங்கள். பிறகு முனை மாற்றித் திருப்பி வையுங்கள். இருமுறையும் குமிழி ஒரே இடத்தில் நின்றால்தான் அது நல்ல மட்டம்.

அறை பெரிதென்றால் டியூப் மட்டம் எல்லாவற்றையும் மிஞ்சும். நீண்ட தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் குமிழியின்றி நீர் நிரப்பி, இரு முனைகளையும் இரு சுவர்களில் பிடித்தால், நீர் நிற்கும் உயரமே மட்டம். லேசர் மட்டம் வந்த பின்னும் கொத்தனார்கள் இக்குழாயைத் தூக்கி எறியவில்லை. மூலை சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுவரில் 3 அடியும் அடுத்த சுவரில் 4 அடியும் குறித்து, இரண்டுக்கும் இடையிலான குறுக்களவு 5 அடி வருகிறதா என்று அளக்க வேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலும் வராது. அப்போது சுவரை நம்பாமல் அறையின் நடுக்கோட்டிலிருந்து தொடங்குவதே முறை. பசையின்றி ஒரு வரிசையை அடுக்கிப் பார்த்து, ஓரத்தில் பாதி ஓட்டுக்கும் குறைவான துண்டு வந்தால் நடுக்கோட்டை அரை ஓடு நகர்த்த வேண்டும்.

அடுத்தது பரப்பும் கருவிகள். பசை கலக்க ஒரு வாளி, சாதாரணக் கரணை, பல் கரண்டி. பல்லின் அளவு ஓட்டின் அளவைப் பொறுத்தது: சிறு சுவரோட்டுக்கு 6 மில்லிமீட்டர், இரண்டடிச் சதுரத் தரையோட்டுக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர். பசையை ஒரே திசையில் வரிவரியாக இழுக்க வேண்டும். வட்டமாகச் சுற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். பல கொத்தனார்கள் அவசரத்தில் ஓட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை சாந்து வைத்து ஒட்டுவதுண்டு. இடைவெளியில் நீர் புகுந்து, ஒரு நாள் கனமான பாத்திரம் விழும்போது ஓடு உடைவது அதன் விளைவுதான். ஈரம் படும் இடங்களில் ஓட்டின் அடிப்பரப்பில் 95 சதவீதம் பசை படிந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தரநெறி. பதித்த முதல் ஓட்டை உடனே பெயர்த்துத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தட்டிச் சமன் செய்ய ரப்பர் சுத்தி, இடைவெளி காக்க 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஸ்பேசர், இடைவெளி நிரப்ப கிரௌட்டும் ரப்பர் தேய்ப்பானும், துடைக்கப் பஞ்சு ஆகியவையும் தேவை. நேர்வெட்டுக்குக் கைக்கட்டரும் குழாய்த் துளைக்குக் கட்டிங் மிஷினும் வேண்டும். ஒரு குளியலறைக்காக இவற்றை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. மாவட்டத் தலைநகரங்களில் வாடகைக்குக் கிடைக்கும் கடைகளில் விசாரிக்கலாம். ஓடு வாங்கும்போது பத்தில் ஒரு பங்கு கூடுதலாகவும், எல்லாப் பெட்டியிலும் ஒரே நிற எண் உள்ளதாகவும் பார்த்து வாங்க வேண்டும். மீந்த நான்கைந்து ஓடுகளைப் பரணில் போட்டு வைப்பது பிற்காலப் பழுதுக்கு உதவும்.

கட்டிங் மிஷினைப் பற்றி ஓர் எச்சரிக்கை. விட்ரிஃபைட் ஓட்டை உலர்வாக வெட்டும்போது எழும் வெள்ளைப் புகை வெறும் தூசி அல்ல. அதில் சிலிக்கா உள்ளது. நாள்தோறும் அதைச் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கு நுரையீரலை இறுகச் செய்யும் சிலிக்கோசிஸ் நோய் வருகிறது. குணப்படுத்த முடியாத நோய் அது. தலையில் துண்டும் வாயில் கைக்குட்டையும் கட்டிக்கொண்டு வெட்டுவதைத் தெருவுக்குத் தெரு காண்கிறோம். கைக்குட்டை அந்த நுண்தூசியைத் தடுக்காது. என்-95 முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, முடிந்தவரை கைக்கட்டரையே பயன்படுத்த வேண்டும். ஈரமாக வெட்டினால் தூசி அடங்கும். ஆனால் அதற்கென்று வடிவமைத்த இயந்திரத்தில்தான் நீர் விடலாம். சாதாரண மின் இயந்திரத்தின் மேல் நீரூற்றுவது உயிருக்கு ஆபத்து. கூலிக்கு ஆள் வைத்து வெட்டினாலும் முகக்கவசம் வாங்கித் தருவது வீட்டுக்காரரின் கடமை.

உப்பும் ஈரமும்

மதுரையில் சரியாக நிற்கும் வேலை மண்டபத்தில் நிற்காமல் போகலாம். கடலோர மண்ணிலிருந்து உப்பு நீர் தரைவழியே மேலேறுகிறது. பழைய சுண்ணாம்புத் தளம் நுண்துளைகள் உள்ளது. ஈரத்தை வெளியே விட்டுவிடும், உப்பு மேலே வெள்ளையாகப் பூக்கும், துடைத்தால் போகும். உறிஞ்சாத ஓட்டை மேலே மூடினால் ஈரம் ஓரங்களைத் தேடும். இணைப்புகளிலும் சுவரின் அடிப்பகுதியிலும் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து விழும். எனவே தரைமட்டத் தளத்தில் ஓட்டுக்குக் கீழே ஈரத்தடுப்புப் படுகை இடாமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

கலவை நீரும் முக்கியம். இந்தியத் தர நிர்ணய நெறி 456இன் படி, கம்பியில்லாக் காங்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்கும், கம்பியுள்ளதற்கு 500 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது. கடல்நீரில் அது ஏறத்தாழ 19,000 மில்லிகிராம். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும் கிணற்று நீரையும், கழுவாத கடற்கரை மணலையும் தவிர்க்க வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது பரப்பிய பசை சில நிமிடங்களில் மேலாடை கட்டிவிடும்; விரலால் தொட்டால் ஒட்டவில்லை என்றால் அதைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பரப்ப வேண்டும். கருவிகளும் இங்கு விரைவில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் நல்ல நீரில் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி வைப்பது இப்பகுதிக் கொத்தனார்களின் வழக்கம். ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும் மர மட்டப்பலகையின் இடத்தை அலுமினியச் சட்டம் பிடித்துக்கொண்டதற்கும் காரணம் இதுவே.

இராமேசுவரத்துக்கென்று இன்னொன்றும் உண்டு. 22 தீர்த்தங்களிலும் நீராடியவர்கள் ஈர உடையோடும் ஈரக் காலோடும் நடக்கும் ஊர் அது. கோயிலின் கருங்கல் தரை கொத்துளி பட்ட சொரசொரப்புள்ளது. அது ஓரளவு காலைப் பிடிக்கும். விடுதிகளின் வாசலிலும் படிக்கட்டிலும் கண்ணாடி போன்ற பளபளப்பு ஓட்டைப் பதித்தால் முதியவர்கள் வழுக்கி விழுவது உறுதி. ஓடு வாங்கும்போது அழகைப் பார்ப்பதற்கு முன், கடையிலேயே ஒரு ஓட்டின் மேல் நீர் தெளித்து, வெறுங்காலால் தேய்த்துப் பார்ப்பது எந்தக் கருவியும் வேண்டாத சோதனை.

பழைய ஓட்டைப் பெயர்ப்பதிலும் காலமாற்றம் தெரிகிறது. செட்டிநாட்டுப் பகுதியில் இடிக்கப்படும் வீடுகளின் பூ ஓடுகள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் மீண்டும் விற்பனைக்கு வருகின்றன. சுண்ணாம்புச் சாந்தில் பதித்தவை என்பதால் உளியும் சுத்தியும் கொண்டு பொறுமையாகத் தட்டினால் முழுதாகக் கழன்றுவரும். பின்புறச் சாந்தைச் சுரண்டிவிட்டு வேறு வீட்டில் பதிக்கலாம். பாலிமர் பசையில் ஒட்டிய விட்ரிஃபைட் ஓட்டை அப்படி எடுக்க முடியாது. மின்சுத்தியலால் உடைத்துச் சாக்கில் அள்ளிக் கொட்டத்தான் வேண்டும்.